பிங் போகுது, லிங்க் லைட்டும் எரியுது, ஆனா டேட்டா ஒழுங்கா வரல (மில்லு ஃபைபர் லிங்க்)

ராஜை எலக்ட்ரிக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பாக்குறேன். மோட்டார், பேனல், டிரைவ்னா சமாளிச்சிருவேன். இந்த நெட்வொர்க் வேலை சமீபத்துலதான் என் தலையில வந்து விழுந்துச்சு.

ஆபீஸ்ல இருந்து புது ரிங் ஃபிரேம் ஷெட்டுக்கு கேபிள் ரூட் 420 மீட்டர். 6 கோர் சிங்கிள் மோடு ஆர்மர்டு கேபிளை ட்ரெஞ்ச்ல போட்டிருக்கு. ரெண்டு பக்கமும் சுவத்துல டெர்மினேஷன் பாக்ஸ், அதுல இருந்து பேட்ச் கார்டு, அப்புறம் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் வெளிச்சத்தை சாதா நெட்வொர்க் கேபிளுக்கு மாத்துற டப்பா). ஒத்த கோர்லயே போய் வர்ற டைப், 10/100. ஏ பீஸ் ஆபீஸ்ல, பி பீஸ் ஷெட்ல. ஷெட்ல ஒரு சாதா 8 போர்ட் ஸ்விட்ச், அதுல 4 கேமரா, கூடவே ஒரு ஆர்எஸ்485 டு ஈதர்நெட் கன்வெர்ட்டர் (மீட்டர் வயரை நெட்வொர்க்ல சேக்குறது). அந்த கன்வெர்ட்டர்ல 28 எனர்ஜி மீட்டர், ஃபிரேமுக்கு ஒண்ணுன்னு வரிசையா மாட்டியிருக்கு. ஆபீஸ்ல இருக்குற சாஃப்ட்வேர் மீட்டரைப் படிச்சு ஷிப்டுக்கு ஷிப்ட் யூகேஜி (ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் கரண்ட்) ரிப்போர்ட் போடணும்.

இப்ப தொல்லை என்னன்னா:

ரெண்டு கன்வெர்ட்டர்லயும் ஃபைபர் லைட் எரியுது. பிங் (பதில் வருதான்னு பாக்குற சின்ன டெஸ்ட்) அடிச்சா ஒண்ணு, ரெண்டு மில்லிசெகண்ட்ல பதில் வருது. ஆனா கேமரா படம் நின்னு நின்னுதான் ஓடுது. ரெக்கார்டிங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு காப்பி போட்டா ஊருது. நடுவுல ஃபைபர் லைட்டே அணைஞ்சு திரும்ப எரியுது. ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன் ஓடும்போது இது ஜாஸ்தி. ஷெட்டு பாக்ஸ் அந்த ரூம் சுவத்துலதான் இருக்கு.

மீட்டர் கதை இன்னும் மோசம். சில நேரம் எல்லாமே ஜீரோ. சில நேரம் கிலோவாட் கட்டத்துல திடீர்னு 412, 409ன்னு வருது. ஒரு ஃபிரேம் மோட்டாரே 55 கிலோவாட்தான். அந்த ரிப்போர்ட்ட ஸ்பின்னிங் மாஸ்டர் பாத்துட்டு "ஏம்ப்பா, நூல் ஓட்டுறோமா இல்ல உருக்கு காய்ச்சுறோமா"ன்னு கேக்குறார்.

போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர் கன்வெர்ட்டர் போயிருச்சு, கிகாபிட் ஜோடி வாங்குங்கன்னு சொல்றாரு. ஜிஎம் மறுபடியும் காசான்னு முறைக்கிறாரு. வாங்குறதுக்கு முன்னாடி எதை எதைப் பாக்கணும்?

---

போர்ட்8:

மீடியா கன்வெர்ட்டரே ஒரு தொல்லைதான் நண்பரே. ரெண்டு பக்கமும் எஸ்எஃப்பி ஸ்லாட் (ஃபைபர் மாட்யூல் சொருகுற வாய்) உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்தக்கூடியது) போட்டு நேரா ஃபைபரைச் சொருகிடுங்க. பவர் அடாப்டர் ரெண்டு மிச்சம், எரர் கவுண்டரையும் உக்காந்த இடத்துல பாக்கலாம். கிகாபிட்டுக்கு மாறுறதுன்னா ரெண்டு பக்கமும் சேத்து மாறணும். ஒரு பக்கம் 100, ஒரு பக்கம் கிகாபிட்னு வச்சா ஃபைபர்ல லிங்க்கே வராது.

---

உடுமலை ஃபைபர்:

தம்பி, ஒண்ணும் வாங்காதீங்க இப்போதைக்கு. போர்ட்8 சொல்ற ஸ்விட்ச் நல்ல யோசனைதானுங்க, ஆனா இப்ப இருக்குற வியாதி அந்த ஸ்விட்சுக்கும் தொத்திக்கும். மொதல்ல ஃபைபர் தொல்லையையும் மீட்டர் தொல்லையையும் தனித்தனியாப் பிரிச்சுக்கோங்க. ரெண்டும் கலந்து கெடக்குறதாலதான் கான்ட்ராக்டர் ஒரே பதில்ல முடிக்கப் பாக்கறாரு.

ஃபைபருக்கு வர்றேன். பாக்ஸைத் தொறந்து, உள்ள பிக்டெயில் (கேபிள் கோரோட ஸ்ப்ளைஸ் பண்ணி ஒட்டின சின்னத் துண்டு) கனெக்டர் என்ன கலர்னு பாருங்க. பச்சையா, நீலமா? உங்க கன்வெர்ட்டர் வாய் கண்டிப்பா நீலமாத்தான் இருக்கும், அதுல போற பேட்ச் கார்டும் நீலமாத்தான் இருக்கும். பாக்ஸுக்குள்ள பச்சை இருந்தா விஷயம் அங்கதான் இருக்குது.

ஏன் கேக்கறேன்னா, நானும் கேபிள் டிவி லைன்ல இருந்து இந்த வேலைக்கு வந்தவன். நம்ம ஊர்ல ஸ்ப்ளைசிங் மெஷின் வச்சிருக்கறவங்க பாதிப்பேரு கேபிள் டிவி, பிராட்பேண்ட் ஆளுங்க. அவங்க பையில இருக்கறதெல்லாம் பச்சை ஏபிசி பிக்டெயில். டிவி சிக்னலுக்கு ரிஃப்ளெக்ஷன் (முனையில பட்டுத் திரும்பற வெளிச்சம்) ஒத்துக்காது, அதனால முனையை 8 டிகிரி சாய்ச்சு பாலிஷ் போட்டிருப்பாங்க. நீலம் யூபிசி, அதுல சாய்வு கிடையாது. பச்சையும் நீலமும் ஒரே அடாப்டர்ல ஜம்முனு உக்காரும், க்ளிக்குனு சத்தம்கூட வரும். ஆனா உள்ள ரெண்டு கண்ணாடி முனையும் ஒட்டாது, நடுவுல காத்து இடைவெளி நிக்கும். ஒரு ஜாயிண்ட்டுக்கே 4 டிபி (டெசிபல், வெளிச்சம் எவ்வளவு கொறையுதுங்கற அளவு), அதுக்கு மேலயும் போகும். ஒழுங்கா உக்காந்த ஜாயிண்ட்னா அரை டிபிகூட வராதுங்க.

420 மீட்டர் தூரம்ங்கறதால அவ்வளவு போயும் லைட் எரியுது. இதே ரொம்ப நீள லைனா இருந்திருந்தா மொத நாளே லிங்க் வராம ஆளைத் திரும்பக் கூப்பிட்டிருப்பீங்க. கிட்ட இருக்கறதால அரைகுறையா ஓடி உங்களைப் படுத்துது. ஃபேன் ஓடி சுவர் அதிர்ந்தா ஒட்டாத முனை ஆடாம என்ன செய்யும்?

ஃபைபர் பவர் மீட்டர் (வெளிச்சம் எவ்வளவு வருதுன்னு அளக்கறது) ஒண்ணு கேபிள் ஆபரேட்டர்கிட்ட கேட்டா குடுப்பாரு. ஆபீஸ் பக்க ஏ பீஸ் 1310 நானோமீட்டர் அலைநீளத்துல அனுப்புது, பி பீஸ் 1550ல அனுப்புது (உங்க கன்வெர்ட்டர் ஸ்டிக்கர்ல ஒரு தடவை பாத்துக்கோங்க, 1490 போட்ட மாடலும் உண்டு). மீட்டர்ல அந்த அலைநீளத்தை வச்சுட்டு அளங்க. இல்லீன்னா வர்ற நம்பரை நம்ப முடியாது. மொதல்ல கன்வெர்ட்டர் வாயிலேயே நல்ல நீலப் பேட்ச் கார்டு ஒண்ணு போட்டு அளங்க, அப்புறம் அடுத்த பக்கம் போய் அளங்க. கணக்கு இதுதான்: 1310ல கிலோமீட்டருக்கு 0.35 டிபி போகும், உங்க 420 மீட்டருக்கு 0.15. ரெண்டு பக்கமும் பாக்ஸ் ஜாயிண்ட், ஸ்ப்ளைசு எல்லாம் சேத்தாலும் ஒன்றரை டிபி தாண்டக் கூடாது. அதுக்கு மேல எவ்வளவு காணோமோ அதைத் தேடுங்க.

முனையைக் கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீங்க. இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால லைட் ஆஃப்னு நெனச்சு உத்துப் பாப்பாங்க.

இன்னொண்ணு, காப்பர் பக்கம். ஆபீஸ் ஸ்விட்ச் மேனேஜ்டா? அப்படின்னா கன்வெர்ட்டர் சொருகியிருக்கற போர்ட்டோட செட்டிங் ஆட்டோவா, இல்ல யாராச்சும் 100 ஃபுல்னு பூட்டி வச்சிருக்காங்களான்னு பாருங்க. ஒரு பக்கம் பூட்டிட்டு மறுபக்கம் ஆட்டோவுல விட்டா, ஆட்டோ பக்கத்துக்கு ஸ்பீடு மட்டும்தான் தெரியும், டூப்ளெக்ஸ் (ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசற ஃபுல்லா, மாறி மாறிப் பேசற ஹாஃபா) தெரியாது. தெரியாதப்போ ஹாஃப்னு எடுத்துக்கோன்னுதான் ஸ்டாண்டர்டே சொல்லுது. அப்புறம் ஒருத்தன் கேட்டுக்கிட்டே பேசுவான், இன்னொருத்தன் எதிராளி பேசினா வாயை மூடிக்குவான். பிங் ஒண்ணு ஒண்ணாப் போறதால தப்பிச்சிரும். கேமரா நாலும் ஒண்ணா ஓடும்போதுதான் அடிதடி. பூட்டின பக்கம் கவுண்டர்ல எஃப்சிஎஸ் எரர் (கெட்டுப்போய் வந்த டேட்டாவோட எண்ணிக்கை) ஏறிக்கிட்டே இருக்கும். பாத்துட்டுச் சொல்லுங்க.

---

மாட்பஸ்காரன்:

ஃபைபரை உடுமலை அண்ணன் பாத்துக்குவார். நான் மீட்டர் பக்கம்.

கிலோவாட் இடத்துல 412ன்னு வருதுன்னீங்களே, உங்க எல்டி பேனல்ல லைன் வோல்டேஜ் என்ன? 410 பக்கத்துல இருந்தா அது கிலோவாட் இல்ல சார், வோல்டேஜ். யாரோ வோல்டேஜ் கேட்ட பதிலை உங்க சாஃப்ட்வேர் எடுத்து கிலோவாட் கட்டத்துல போட்டுக்குது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, மாட்பஸ் ஆர்டியூ (485 வயர்ல மீட்டர்கிட்ட கேள்வி பதில் நடக்குற மொழி) பதில்ல மீட்டர் நம்பர் இருக்கும், ஃபங்ஷன் கோடு இருக்கும், எத்தனை பைட்டுன்னு இருக்கும், கடைசியா சிஆர்சி (வழியில கெட்டுப்போச்சான்னு பாக்குற நம்பர்). எந்த ரெஜிஸ்டரோட (மீட்டர்ல ஒவ்வொரு அளவும் இருக்குற இடம்) பதில்னு மட்டும் இருக்காது. 7ம் நம்பர் மீட்டர்கிட்ட ஒருத்தர் வோல்டேஜையும் இன்னொருத்தர் கிலோவாட்டையும் அடுத்தடுத்து கேட்டா, முதல்ல வர்ற பதிலை ரெண்டு பேரும் தன்னுடையதுன்னு எடுத்துக்குவாங்க. சிஆர்சி சரியா இருக்கும், மீட்டர் நம்பரும் சரியா இருக்கும், சந்தேகமே வராது.

அதனால என் கேள்வி: ஆபீஸ் சாஃப்ட்வேர் தவிர வேற யார் அந்த 485 கன்வெர்ட்டர்ல கனெக்ட் ஆகுறாங்க? ஷெட்ல டச் ஸ்கிரீன் ஏதாவது மாட்டியிருக்கா? கன்வெர்ட்டர் வெப் பேஜ்ல எந்த மோடு இருக்கு, டிசிபி சர்வர்னு இருக்கா, மாட்பஸ் கேட்வேன்னு இருக்கா? டிசிபி சர்வர்ங்கிறது வெறும் குழாய். வயர்ல வந்ததை கனெக்ட் ஆன எல்லாருக்கும் அப்படியே ஊத்தும். கேட்வே மோடுதான் கேள்விகளை வரிசையில நிறுத்தி, கேட்டவருக்கு மட்டும் பதிலைக் கொடுக்கும். அதுக்கு சாஃப்ட்வேர் பக்கம் மாட்பஸ் டிசிபி, போர்ட் 502ன்னு மாத்தணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மாத்தலைன்னா ஒண்ணுமே வராது, பயந்துடாதீங்க.

எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை படிக்கிறீங்க, பாட் ரேட் (485 வயர்ல டேட்டா ஓடுற வேகம்) என்ன?

---

ராஜை எலக்ட்ரிக்கல்:

அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. பாத்ததை எழுதுறேன்.

பாக்ஸுக்குள்ள பச்சை. ரெண்டு பக்கமும் பச்சை. பேட்ச் கார்டு ரெண்டும் நீலம். ஸ்ப்ளைஸ் பண்ணது எங்க ஊர் கேபிள்காரர்தான், உடுமலை அண்ணன் நேர்ல வந்து பாத்த மாதிரி சொல்லியிருக்கீங்க. பவர் மீட்டரும் அவர்கிட்டதான் வாங்கினேன். ஆபீஸ் கன்வெர்ட்டர் வாயில மைனஸ் 6.2 டிபிஎம். ஷெட்ல மைனஸ் 16.8. பாக்ஸ்ல லேசா விரலை வச்சு அழுத்தினா மைனஸ் 14, விட்டா 19 வரைக்கும் ஆடுது.

ஸ்விட்ச் மேனேஜ்டுதான். அந்த போர்ட் 100 ஃபுல்னு பூட்டியிருக்கு. எஃப்சிஎஸ் எரர் நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஏறுச்சு.

மீட்டர்: லைன் வோல்டேஜ் 411. ஷெட்ல சூப்பர்வைசர் டேபிள்கிட்ட ஒரு டச் ஸ்கிரீன் இருக்கு, அது வோல்டேஜ், ஆம்பியர் காட்டும். கன்வெர்ட்டர் டிசிபி சர்வர் மோடுல இருக்கு. 9600, ஈவன் பாரிட்டி. சாஃப்ட்வேர்ல ஒரு செகண்டுக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கு.

இப்ப பச்சை பிக்டெயிலை வெட்டிட்டு நீலம் ஸ்ப்ளைஸ் பண்ணச் சொல்லவா?

---

உடுமலை ஃபைபர்:

வெட்டவே வேண்டாங்க. ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம்னு பேட்ச் கார்டு கடையிலேயே கெடைக்கும். எஸ்சி ஏபிசி டு எஸ்சி யூபிசி, சிங்கிள் மோடு, சிம்ப்ளெக்ஸ்னு கேளுங்க. பச்சை பாக்ஸுக்கு, நீலம் கன்வெர்ட்டருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு, கூட ஒண்ணு கையிருப்பு. பழைய நீலக் கார்டுகளைத் தூக்கிப் போட்டுருங்க, சாய்ஞ்ச முனையில இடிச்சு இடிச்சு அதோட முனை கீறியிருக்கும். நாளைக்கு யாராச்சும் நல்லாத்தானே இருக்குன்னு எடுத்து வேற எடத்துல சொருகுவாங்க.

பாக்ஸ்ல இருக்கற பச்சை முனையைத் தொடச்சுட்டுச் சொருகணும், இதை விட்டுறாதீங்க. ஸ்பின்னிங் மில்லுல பஞ்சுத் தூசி எங்க போகாதுன்னு சொல்லுங்க பாப்போம்? கோர் 9 மைக்ரான்தான், ஒரு பஞ்சு இழை அதைவிட தடிமன். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் லின்ட் வராத துணியும் போதும். பனியன் வேஸ்ட்ல தொடைக்காதீங்க, மில்லுல அதைத்தான் மொதல்ல நீட்டுவாங்க. மூடி இல்லாத அடாப்டர் வாய் எல்லாத்துக்கும் மூடி போடுங்க, மிச்ச 5 கோருக்கும் சேத்து.

ஸ்விட்ச் போர்ட்டை ஆட்டோவுக்கு மாத்துங்க. கன்வெர்ட்டர் அடியில குட்டி டிப் ஸ்விட்ச் இருந்தா அதுல எல்எஃப்பின்னு ஒண்ணு இருக்கும், ஃபைபர் அறுந்தா காப்பர் பக்கத்தையும் சேத்து அணைக்கிற வசதி. வேலை நடக்கறப்ப அதை ஆஃப் பண்ணிக்கோங்க, இல்லீன்னா ஒரு பக்கம் கழட்டினா மறுபக்கம் எல்லா லைட்டும் போய் எது தப்புன்னே தெரியாது. எல்லாம் முடிஞ்சப்புறம் ஆன். ஆன்ல இருந்தாத்தான் ஆபீஸ் ஸ்விட்சே உங்களுக்கு லிங்க் போச்சுன்னு சொல்லும். டிப் மாத்தினா பவரை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, நெறைய மாடல் அப்பத்தான் படிக்கும்.

ஷெட்ல கன்வெர்ட்டருக்கு கரண்ட் குடுக்கற 5 வோல்ட் சுவர் அடாப்டர் எங்க சொருகியிருக்கு? டேபிள் ஃபேனும் அதே பிளக் பாக்ஸ்லன்னா, ஆணி அடிச்சு தனி பாயிண்ட் போடுங்க. உங்களுக்குச் சொல்லணுமா, நீங்களே எலக்ட்ரிக்கல்.

கேபிள் ஆர்மரையும் பாருங்க. 420 மீட்டர் ஸ்டீலு மண்ணுக்குள்ள கெடக்குது. அது பாக்ஸ் வழியா கன்வெர்ட்டர் பாடியைத் தொட்டுச்சுன்னா, மின்னலுக்குப் பயந்து ஃபைபர் போட்டதே வீண். நான் ஒரு பக்கம் மட்டும் எர்த் பாருக்கு எடுத்து, மறுபக்கம் பாக்ஸுக்கு வெளியிலேயே வெட்டி டேப் சுத்தி விட்டுருவேன்.

---

மாட்பஸ்காரன்:

ஒரு செகண்டுக்கு ஒரு தடவை முடியாது சார், கணக்கு போட்டுப் பாருங்க. ஈவன் பாரிட்டியோட ஒரு எழுத்துக்கு 11 பிட். கேள்வி 8 பைட், ரெண்டு ரெஜிஸ்டர் பதில் 9 பைட், மொத்தம் 17. 9600ல அதுக்கே 20 மில்லிசெகண்ட் ஆச்சு. மீட்டர் யோசிக்கிற நேரமும் இடைவெளியும் சேத்து 100 மில்லிசெகண்ட்னு வச்சுக்குவோம். 28 மீட்டருக்கு 2.8 செகண்ட், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு கேள்வி கேட்டா. செத்த மீட்டர் ஒண்ணு லிஸ்ட்ல இருந்தா அதோட டைம் அவுட் தனிக் கணக்கு. 15 செகண்டுனு வைங்க. டச் ஸ்கிரீனையும் 5 செகண்டுக்கு மேல தள்ளுங்க.

கேட்வே மோடு, போர்ட் 502. டச் ஸ்கிரீனையும் மாட்பஸ் டிசிபிக்கு மாத்துங்க. கன்வெர்ட்டர்ல டிசிபி கீப்அலைவ்னு ஒரு கட்டம் இருக்கும், அதை ஆன் பண்ணி 30 செகண்ட் மாதிரி வைங்க. உங்க ஃபைபர் அணைஞ்சு அணைஞ்சு எரியும்போது பழைய கனெக்ஷன் செத்ததே கன்வெர்ட்டருக்குத் தெரியாது. இடத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், புதுசா வர்ற சாஃப்ட்வேரை உள்ள விடாது. அந்த "எல்லாமே ஜீரோ" அனேகமா இதுதான்.

யூகேஜிக்கு வர்றேன், எனக்கு இதுதான் முக்கியம். உங்க சாஃப்ட்வேர் கிலோவாட்டைப் படிச்சுப் படிச்சு யூனிட் கணக்கு போடுதுன்னு நினைக்கிறேன். அப்படின்னா லிங்க் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஒரு நிமிஷம் டேட்டா போனா அந்த நிமிஷத்து யூனிட்டும் போச்சு. மீட்டர் உள்ளேயே கிலோவாட் ஹவர் எண்ணிக்கிட்டு இருக்கு சார், ஈபி மீட்டர் மாதிரி. அந்த ரெஜிஸ்டரை ஷிப்ட் ஆரம்பத்துல ஒண்ணு, முடிவுல ஒண்ணு எடுத்துக் கழிச்சா வேலை முடிஞ்சுது. நடுவுல அரைமணி லிங்க் இல்லைன்னாலும் ஒரு யூனிட் தப்பாது. கிலோவாட் ஸ்கிரீன்ல பாக்குறதுக்கு மட்டும் இருக்கட்டும்.

---

ராஜை எலக்ட்ரிக்கல்:

பேட்ச் கார்டு மதுரையில இருந்து வந்துச்சு. ஷெட்ல இப்ப மைனஸ் 7.3. விரலால அழுத்தினாலும் ஃபேன் ஓடினாலும் நம்பர் அசையல. போர்ட்டை ஆட்டோவுக்கு மாத்தி கவுண்டரை ஜீரோ பண்ணினேன், எஃப்சிஎஸ் ஜீரோவிலேயே நிக்குது. கேமரா நாலும் ஓடுது. பிங் 1472 சைஸ்ல, உடைக்காம அனுப்புன்னு போட்டும் ராத்திரி பூரா விட்டேன், ஒண்ணும் விழல.

கேட்வே மோடு மாத்தியாச்சு, 412 திரும்ப வரல. கிலோவாட் ஹவர் ரெஜிஸ்டருக்கு சாஃப்ட்வேர் ஆளு அடுத்த வாரம் வர்றாரு.

19ம் நம்பர் மீட்டர் மட்டும் பதிலே சொல்லல. அதுக்கு அப்புறம் இருக்குற 20ல இருந்து 28 வரைக்கும் ஒழுங்கா வருது.

---

மாட்பஸ்காரன்:

பின்னாடி இருக்கிறதெல்லாம் வருதுன்னா மெயின் வயர் நல்லா இருக்கு, 19லதான் ஏதோ. அது வேற கம்பெனி மீட்டரா? ஏ, பி எழுத்தை எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி போட மாட்டாங்க. அந்த மீட்டர்ல மட்டும் ரெண்டு வயரையும் மாத்திப் போட்டுப் பாருங்க. வரலைன்னா அதோட டிஸ்ப்ளேல அட்ரஸும் பாரிட்டியும் பாருங்க, புது மீட்டர்னா அட்ரஸ் 1லேயே இருக்கும். அட்ரஸ் 1ஆ இருந்தா உங்க முதல் மீட்டரோட மோதும், அதனால 1ம் நம்பர் ரீடிங்கும் விட்டு விட்டு வரும். லைனோட ரெண்டு கடைசி முனைக்கும் போடுற 120 ஓம் ரெசிஸ்டர் கன்வெர்ட்டர் பக்கமும் 28லயும் மட்டும்தான் இருக்கணும், நடுவுல எதுலயாவது இருந்தா கழட்டிடுங்க.

---

உடுமலை ஃபைபர்:

ரெண்டு பாக்ஸ் மூடிக்கு உள்பக்கமும் "பிக்டெயில் பச்சை, கன்வெர்ட்டர் நீலம்"னு மார்க்கர்ல எழுதி, அந்த மைனஸ் 7.3ஐயும் தேதியோட எழுதி வைங்க. கன்வெர்ட்டர் ஸ்பேர் வாங்கறப்ப ஏ ஒண்ணு, பி ஒண்ணு வாங்குங்க. கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு ரெண்டு ஏவைக் கட்டி விட்ருவாரு, ஏவும் ஏவும் லிங்க் ஆகாதுங்க.